வாதாபிப் போரும் அதன் ஊதியமும்

படையெடுத்துச் செல்லக் கருதும் வேந்தன் புறப்படுமுன் எண்ணிப் பார்க்க வேண்டுவன மூன்று எனக் கௌடிலியர் தம் அர்த்தசாத்திரத்தின் ஒன்பதாம் அதிகரணத்துக் கூறுவர். அவை க்ஷயம், வியயம், லாபம் என்பன. ஆளும் ஊர்திவிலங்கும் அழிதல் க்ஷயம். பொன்னும் தானியமும் அழிதல் வியயம். இவ்விரண்டனையும் ஒரு தட்டிலும், வரக்கடவதாகிய லாபத்தை மற்றொரு தட்டிலும் இட்டு நிறுத்து, லாபம் தாழ்ந்து நின்றவழியே படை புறப்படுக என்பது அவர் துணிபு. அஃது அறநூலன்று, பொருணூல். அங்ஙனமாயினும் மக்கள் உயிரிழப்பைச் செலவுக்கணக்கின் முதற்கண் வைத்தெழுதிய நேர்மை அவர்பால் உண்டு. பின்வந்த மெய்க்கீர்த்திப் புலவர் பலர்பாலும் அந்நேர்மை காண்டல் அரிது. ஊதியத்தின் இயல்புகளைப் பன்னிரண்டாக வகுத்த அவ்வாசிரியர் அவற்றுள் ஒன்றற்குப் பிரத்தியாதேயம் எனப் பெயரிட்டனர். கைக்கொண்ட பின்னும் பகைவரால் மீட்டுக்கொள்ளப்படும் தன்மைத்தாகிய ஊதியம் என்பது அதன் பொருள். அச்சொல்லை ஈண்டு மனத்திருத்திக்கொள்க.

இவ்வளவுகோலை இட்டு அளந்து பார்த்தற்குரிய போர் தென்னாட்டு வரலாற்றில் ஒன்று உண்டு. காஞ்சிப் பல்லவர்க்கும் வாதாபிச் சளுக்கியர்க்கும் இடையே கி. பி. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூண்டு, எட்டாம் நூற்றாண்டின் நடுவிலே ஓய்ந்தது அப்போர். நான்கைந்து தலைமுறை அரசர் அதிற் பிறந்து அதில் வளர்ந்து அதில் மாய்ந்தனர். வேறெவர்க்கும் இல்லாத ஓர் உரிமையும் அதன்பாற் சைவர்க்கு உண்டு. திருத்தொண்டர் திருக்கூட்டத்துள் ஒருவராகிய சிறுத்தொண்டநாயனார் அப்போரிற் படை நடத்தினார். சமயகுரவர் இருவர் அப்போர்க்காலத்தே தமிழ்நாடெங்கும் நடந்து பதிகம் பாடினர். இருதிறத்து வேந்தருள்ளும் சிவநெறி நின்றார் பலர். ஆதலின் அப்போர் செலவுக்குத் தக்க பயனைத் தந்ததா என்னும் வினா சைவர்க்கு அயலதன்று.

முதற்கண் வந்தவன் சளுக்கிய இரண்டாம் புலிகேசியே. நருமதைக் கரையில் வடபுலத்து ஹர்ஷனைத் தடுத்து நிறுத்திய பெருமிதத்தோடு அவன் தெற்கே திரும்பினான். கி. பி. 634-இல் இரவிகீர்த்தி என்னும் சமணப் புலவர் ஐஹொளெ மேகுடிக் கோயிலிற் பொறித்த சாசனம், பல்லவர்கோன் புலிகேசியின் படைத்தூளியால் ஒளி மழுங்கிக் காஞ்சி மதிலுக்குள் ஒடுங்கினான் என்றும், சளுக்கியன் காவிரியைக் கடந்து சோழ சேர பாண்டியர்க்கு நண்பனாயினான் என்றும் கூறாநிற்கும். அப்பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன். பல்லவர் தரப்புச் செப்பேடாகிய காசாக்குடிப் பட்டயமோ, மகேந்திரவர்மன் புள்ளலூரிற் பகைவரை அழித்தான் என்கின்றது. இருவர் கூற்றையும் ஒருங்குவைத்து நோக்குவார்க்கு, புலிகேசி காஞ்சியின் வாயில்வரை வந்தான் என்பதும், நகரை எய்தவில்லை என்பதும் புலனாம். புள்ளலூர் காஞ்சிக்கு மிக அணித்தே உளது. அத்துணை அருகில் நடந்த போரை வெற்றியென்று எழுதிக்கொள்ளலாமேயன்றி, அவ்வாண்டு அப்பக்கத்து வயல்களில் விளைந்தது யாது என்று எப்பட்டயமும் எழுதவில்லை.

மகேந்திரவர்மன் மகன் நரசிங்கவர்மன் காலத்துப் புலிகேசி மீண்டும் வந்தான். பரியளம், மணிமங்கலம், சூரமாரம் என்னும் இடங்களில் அவன் புறங்கண்டதாகப் பல்லவர் செப்பேடுகள் பேசுகின்றன. ஓடுகின்ற புலிகேசியின் முதுகைச் செப்பேடாகக்கொண்டு நரசிங்கவர்மன் வெற்றி என்னும் எழுத்தைப் பொறித்தான் எனக் கூரம் பட்டயம் நயம்படப் புனைந்துரைக்கும். மணிமங்கலம் காஞ்சிக்குக் கிழக்கே இன்றும் அப்பெயரோடு நிற்கும் ஊர். அதுகாறும் போர் பல்லவர் மண்ணிலேயே நிகழ்ந்தது என்பது தெளிவு. அதன் பின்னரே படை வடக்கே திரும்பிற்று. காஞ்சிக்கும் வாதாபிக்கும் இடையே முந்நூறு மைலுக்கு மேற்பட்ட தொலைவு உண்டு. அத்துணைத் தூரமும் யானையையும் குதிரையையும் காலாளையும் நடத்தி, வழிநெடுகத் தீனியும் நெல்லும் திரட்டி, கி. பி. 642-ஐ ஒட்டி நரசிங்கவர்மன் படை வாதாபியைப் புகுந்து அழித்தது. வாதாபி என்னும் அசுரனை அழித்த அகத்தியரோடு அவ்வேந்தனை ஒப்பிட்டுப் பட்டயப் புலவர் மகிழ்ந்தனர். அவன் பெயர் பொறித்த கல்வெட்டு வாதாபிப் பாறையிலேயே உளது. அத்துடன் புலிகேசியின் செய்தியும் சாசனங்களினின்று மறைகின்றது.

இப்போரை நியாயம் என்பார் கூறும் முதற்காரணம் வலியுடையது. தன் நாட்டுட் புகுந்த பகைவனைப் பொருது துரத்துதல் அரசற்கு ஒழியாக் கடன். மணிமங்கலத்திற் போர் செய்யாது பல்லவன் பொன்னைக் கொடுத்து அமைந்திருப்பின், மறு ஆண்டும் பொன் கேட்டு வருவான் என்பது உலகறிந்த செய்தி. இதுபற்றி வழக்கிடுவார் இலர். வழக்கெல்லாம் வாதாபிச் செலவைப் பற்றியதே. வந்தவனைத் துரத்திய பின்னர் அவன் தலைநகர்வரை சென்று அதனைத் துகளாக்கியது தகுமோ எனின், தகும் என்பார் காட்டும் சான்றும் சிறிதன்று. வாதாபி வீழ்ந்தபின் ஏறக்குறைய முப்பது ஆண்டு சளுக்கியர் படை தமிழ்நாட்டுட் புகவில்லை. அம்முப்பது ஆண்டுகளிலே மாமல்லபுரத்துக் கற்றளிகளிற் சிறந்தன சில எழுந்தன. திருநாவுக்கரசரும் திருஞானசம்பந்தரும் பதிதோறும் சென்று வணங்கிய யாத்திரையின் பெரும்பகுதி அவ்வமைதிக்காலத்தைச் சார்ந்ததென்று கொள்வார் உளர். அடியார் கூட்டம் சூழ, குழந்தை ஒருவர் முத்துச்சிவிகையில் ஊர்தோறும் செல்லுதற்கு வழிகள் காவலுடையனவாயிருத்தல் வேண்டும். ஊரார் விருந்திடுதற்கு வயல்கள் விளைந்திருத்தல் வேண்டும். வாதாபியை அழித்த செலவு இவ்வமைதிக்குக் கொடுத்த விலை என்பர் அவர். எளிதில் தள்ளற்பாலதன்று இவ்வாதம்.

ஆயின் அவ்விலையை யார் கொடுத்தார் என்பதும் ஆராயற்பாலது. வாதாபி வீழ்ந்தபின் பதின்மூன்று ஆண்டு சளுக்கிய நாடு தக்க தலைவனின்றிக் கலங்கிற்று. புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தன் கி. பி. 655-ஐ ஒட்டி அரசெய்திய பின்னர் வெளியிட்ட சாசனங்கள் ஒரு செய்தியைத் திரும்பத் திரும்பக் கூறுகின்றன. மூவரசர் இடையீட்டால் மறைந்த தந்தையின் திருவை அவன் மீட்டான் என்பதும், அவ்விடைக்காலத்து அழிந்துபோன தேவதானங்களையும் பிரமதேயங்களையும் மீண்டும் நிலைநிறுத்தினான் என்பதும் அச்செய்தி. விளக்கெரியாத கோயில்களும் பூசை முட்டுப்பட்ட தளிகளும் வாதாபி நாட்டில் இருந்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. தமிழ்நாட்டுக் கோயில்களிற் பதிகம் எழுந்த அந்நாளிலேயே கன்னடநாட்டுக் கோயில்களில் நிவந்தம் நின்றது. ஒரு நாட்டின் அமைதி பிறிதொரு நாட்டின் பாழினின்று எடுக்கப்பட்டதாயின், சிவாலயத்தை ஒருமையாகக் கருதும் சைவர் அதனை முழு ஊதியமென எழுதிக்கொள்ளுதல் யாங்ஙனம்?

அதுவுமன்றி, அவ்வூதியம் நிலைத்ததும் இல்லை. கௌடிலியர் கூறிய பிரத்தியாதேயம் என்னும் சொல்லின் பொருள் ஈண்டு விளங்கும். நகரை அழித்தலால் பகை அழியவில்லை. பகை மகனுக்குத் தாயமாகச் சென்றது. விக்கிரமாதித்தன் தன்னை இரணரசிகன் என்று அழைத்துக்கொண்டான். போரைச் சுவைப்பவன் என்பது அதன் பொருள். இங்ஙனம் ஒரு பட்டம் புனைந்துகொள்ளும் மனநிலையைத் தோற்றுவித்ததும் வாதாபி எரிந்த நாளே போலும். கி. பி. 674-இல் எழுதப்பட்ட கத்வால் செப்பேடு அவன் காவிரியின் தென்கரையில், சோழநாட்டு உரகபுரத்திற் பாசறை இட்டிருந்தான் என்று கூறுகின்றது. உரகபுரம் உறையூர் என்பர் அறிஞர். மாமல்லன் குலத்தை அழித்தேன் என்பதும், உயர்ந்த மதிலும் ஆழ்ந்த அகழியும் உடைய காஞ்சியைக் கைக்கொண்டேன் என்பதும் அப்பட்டயத்துள் அவன் கூறும் பெருமைகள். சமயகுரவர் பாடிய காவிரிக்கரைப் பதிகளின் நடுவே சளுக்கியர் யானைகள் கட்டப்பட்டு நின்றன. முப்பது ஆண்டு அமைதிக்குக் கொடுத்த விலை இங்ஙனம் வட்டியோடு திரும்பி வந்தது.

அதன்பின் நிகழ்ந்தது பெருவளநல்லூர்ப் போர். இவ்வூர் இலால்குடிப் பக்கத்தது. நரசிங்கவர்மன் பேரன் பரமேசுவரவர்மன் ஆங்குப் பெற்ற வெற்றியைக் கூரம் பட்டயம் வருணிக்கும் பகுதி, தென்னாட்டுச் செப்பேடுகளிற் காணப்படும் போர்வருணனைகளுள் மிக நீண்டவற்றுள் ஒன்று. படை எழுப்பிய தூளி ஞாயிற்றை மறைத்தமையும், யானையோடு யானை முட்டியமையும் வரிவரியாக விரிக்கப்படுகின்றன. வேந்தனது யானை அரிவாரணம், குதிரை அதிசயம். இலக்கக்கணக்கான படையோடு வந்த விக்கிரமாதித்தன் கந்தை ஒன்றே போர்வையாகத் தனியே ஓடினான் என்று அப்பகுதி முடிகின்றது. யானைக்கும் குதிரைக்கும் பெயர் எழுதப்பட்டது. இலக்கம் என்பது புலவர் எண். அதனை அப்படியே நம்புதல் வேண்டுவதன்று. ஆயினும் அவ்விலக்கத்துள் ஒருவன் பெயரேனும் எழுதப்படாமை நோக்கத்தக்கது.

இதனோடு ஒப்பிடற்குரிய கல் ஒன்று செங்கம் பக்கத்து எடுத்தனூரில் உளது. மகேந்திரவர்மனது முப்பத்துநான்காம் ஆட்சியாண்டில் நடப்பட்ட நடுகல் அது. ஆநிரை காத்து மாய்ந்த வீரன் ஒருவனையும், அவன் அருகு நின்று கள்ளரைக் கடித்துக் காத்த நாயையும் அக்கல் காட்டும். நாயின் பெயர் கோவிவன் என்பதும் எழுத்தாற் பொறிக்கப்பட்டுள்ளது. சிற்றூரார் தம்மவருள் ஒருவன் மாய்ந்தக்கால் அவன் பெயரையும், அவனோடு நின்ற நாயின் பெயரையும் மறவாது கல்லில் எழுதினர். பேரரசர் அரண்மனைப் புலவரோ, மாய்ந்தாரைத் தொகையாகக் கூறி அமைந்தனர். க்ஷயம் என்னும் செலவு எந்நாளும் கணக்கிற் குறைத்தே எழுதப்படுவதன் காரணம் இதுதான்: எழுதுவார் ஒருவர், இழப்பார் வேறொருவர்.

வியயத்தின் செய்தியும் இத்தகையதே. போர்ப்பண்டாரத்துக் கணக்கோலை ஒன்றும் நமக்கு வந்திலது. ஆயினும் பல்லவர் பட்டயங்களில் அச்செலவின் சுவடு காணலாம். பிரமதேயமாக ஓரூரை அளிக்கும்போது அவ்வூர் இனிக் கொடுக்க வேண்டாத இறைகளைப் பட்டயம் எண்ணிக் கூறும். விலக்கப்பட்டவற்றை நோக்கின், விலக்கப்படாத ஊரார் கொடுத்தவை இவையென்பது போதரும். காலத்தால் மிக முற்பட்ட ஹிரஹடகல்லிப் பட்டயத்தில், அரசன் ஆட்கள் வருங்கால் எருது கொடுத்தல், பால் தயிர் கொடுத்தல், புல்லும் விறகும் கொடுத்தல் முதலிய தொல்லைகளினின்று அவ்வூர் விடுவிக்கப்படுகின்றது. பிற்காலத்துப் பட்டயங்களில் தறி, செக்கு, இடைப்பூட்சி, ஈழப்பூட்சி என்றற்றொடக்கத்து வரிகள் காணப்படுகின்றன. நெய்வானும் எண்ணெய் ஆட்டுவானும் ஆடு மேய்ப்பானும் கள் இறக்குவானும் தத்தம் தொழிலினின்று ஒரு கூறு அரண்மனைக்கு இறுத்தனர். படை நடக்கும் ஆண்டில் எருதும் புல்லும் விறகும் எத்துணை மிகுதியாகக் கேட்கப்படும் என்பதை உய்த்துணர்தல் அரிதன்று. வாதாபிக்குச் சென்ற யானை ஒவ்வொன்றும் வழியிலுள்ள ஏதோ ஓர் உழவன் வைக்கோற்போரைத் தின்றே சென்றது.

இனி, இவ்விருதிறத்தாரும் யாவர் என்பதை நோக்குவார்க்கு வருத்தம் மிகும். பகைவன் புறச்சமயியாயின், சமயங்காத்தற்குப் போர் செய்தான் எனக் கூறி ஆறுதல் பெறுவாரும் உளர். ஈண்டு அதற்கும் இடம் இல்லை. விக்கிரமாதித்தன் கி. பி. 660-இல் சுதரிசனாசாரியர் என்பாரிடம் சிவமண்டல தீக்கை பெற்றமையை அமுதாலபாடுச் செப்பேடு கூறுகின்றது. தீக்கை பெற்றுப் பதினான்காண்டு கழிந்த அவ்வேந்தனே காவிரிக்கரையிற் பாசறை இட்டவன். அவனை எதிர்த்த பரமேசுவரவர்மனோ, கூரத்திற் சிவபெருமானுக்குத் தளி எடுத்தவன். அவன் மகன் இராசசிங்கனைப் பற்றிக் காஞ்சிக் கைலாசநாதர் கோயில் விமானத்தைச் சூழப் பொறித்த வடமொழிச் சாசனம், சைவசித்தாந்த நெறியில் ஒழுகி மலம் அனைத்தும் கழிந்தவன் என்னும் கருத்துப்படப் பேசுகின்றது. சைவசித்தாந்தம் என்னும் பெயர் கல்லிற் காணப்படும் மிகப் பழைய இடங்களுள் அஃது ஒன்று. சித்தாந்த வரலாறு எழுதுவார் அச்சாசனத்தைப் பெருமையோடு எடுத்துக்காட்டுவர். அதே சாசனம், இராசசிங்கனை ஈன்ற தந்தை இரணரசிகனது நகரை அழித்தவன் என்றும் கூறுகின்றது. இரணரசிகன் ஆவான் தீக்கை பெற்ற விக்கிரமாதித்தனே. ஆகவே மலம் நீங்கிய செய்தியும் மற்றொரு சிவநேசன் நகர் அழிந்த செய்தியும் ஒரே விமானத்தில், ஒரே கையால், அடுத்தடுத்துப் பொறிக்கப்பட்டன. மேற்கோள் காட்டுவார் பெரும்பாலும் முன்னதை எடுத்துப் பின்னதை விடுவர்.

கூரம் பட்டயத்தின் பிற்பகுதியும் ஈண்டு நினைக்கத்தக்கது. போர்வருணனை முடிந்தவுடன் பட்டயம் தமிழிற் கொடைப்பகுதியைத் தொடங்குகின்றது. பாலாற்றினின்று கால் வெட்டி ஏரிக்கு நீர் கொணர்தல், கோயிற் பூசை, திருவிளக்கு, மண்டபத்துக்கு நீர் இறைத்தல், ஆங்குப் பாரதம் வாசித்தல் ஆகிய இவற்றிற்கு நிலம் பகுக்கப்படுகின்றது. பெருவளநல்லூரிற் பொருத வேந்தன் ஊரார் கேட்டற்கென நிவந்தம் வைத்த கதை, வென்றவனே வெற்றியை வெறுத்து அழுத கதை. அக்கதையை ஊரார் ஆண்டுதோறும் கேட்டனர். வேந்தர் கேட்டனரோ எனின், அடுத்த தலைமுறைச் செய்திகள் விடை கூறும்.

இராசசிங்கன் ஆட்சியில் ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டு பெரும்போர் இல்லை. பல்லவர் கட்டடக்கலையின் முடியாகிய கைலாசநாதர் கோயிலும், மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலும், பனைமலைத் தளியும் அவன் எடுப்பித்தனவே. அதேகாலத்துச் சளுக்கிய விசயாதித்தனும் பட்டடக்கல்லில் இப்பொழுது சங்கமேசுவரம் எனப்படும் கோயிலை எடுப்பித்தான். போர் நின்ற ஆண்டுகளில் இரு நாட்டுப் பொன்னும் சென்ற இடம் இது. ஆயின் அவ்விசயாதித்தனது ஆட்சியின் இறுதியில், கி. பி. 731-ஐ ஒட்டி, சளுக்கியர் மீண்டும் காஞ்சிமேல் வந்து இரண்டாம் பரமேசுவரவர்மனிடம் திறை கொண்டனர். அவன் மாய்ந்தபின் நேர்வழித் தோன்றல் இன்றி, பன்னிரண்டாட்டைப் பாலனாகிய நந்திவர்மனைக் காஞ்சி நகரத்தார் அரியணை ஏற்ற நேர்ந்த கதையை வைகுந்தப்பெருமாள் கோயிற் சிற்பங்களிற் காணலாம்.

விசயாதித்தன் மகன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் புகுந்த செய்தியே இப்போரின் வியத்தகு பகுதி. தன் முன்னோர் புகழை மழுக்கிய இயற்கைப்பகைஞனாகிய பல்லவனை வேரறுக்கத் துணிந்தே அவன் புறப்பட்டான் என அவன் மகன் கீர்த்திவர்மனது வக்கலேரிப் பட்டயம் கூறும். ஒரு நூற்றாண்டிற்கு முன் நிகழ்ந்த வாதாபி அழிவிற்கு ஈடு செய்தலன்றிப் பிறிதொரு காரணம் அதிற் சொல்லப்படவில்லை. நந்திவர்மன் தோற்றோடினான். கடுமுகவாத்தியம், சமுத்திரகோஷம் என்னும் இசைக்கருவிகளும், கட்வாங்கக் கொடியும், யானைகளும், மாணிக்கக் குவையும் சளுக்கியன் வசப்பட்டன. காஞ்சி எரிவதற்குரிய எல்லா நியாயமும், போர் செய்வார் கூறும் நியாயத்தின்படி, அன்று இருந்தது. அவன் எரிக்கவில்லை. நகரை அழியாது புகுந்து, அந்தணர்க்கும் எளியார்க்கும் வழங்கி, இராசசிங்கேச்சுரம் முதலிய கற்றளிகளின் பொற்குவையைத் தான் கொள்ளாது திருப்பிக் கொடுத்தான். கைலாசநாதர் கோயில் மண்டபத்துத் தூண் ஒன்றில் கன்னட எழுத்தாற் பொறித்த அவன் சாசனம் இன்றும் இதற்குச் சான்றாக நிற்கின்றது. பகைவன் தலைநகரில், பகைவர்குலத்து வேந்தன் எடுத்த கோயிலில், வென்றவன் தன் மொழியில் எழுதிச்சென்ற கொடைச்சாசனம் அது. நாடு மீட்ட பல்லவரும் அத்தூணைச் சிதைக்கவில்லை.

அவ்வரசன் தேவியருள் உலோகமாதேவி பட்டடக்கல்லில் எடுப்பித்த பெருங்கோயில் இப்பொழுது விருபாக்ஷம் எனப்படுவது. கணவன் மும்முறை காஞ்சியை வென்றமையின் நினைவாக அஃது எழுந்தது என அங்குள்ள கல்வெட்டே கூறுகின்றது. குண்டன் என்னும் தச்சாசிரியனும், தென்திசைச் சூத்திரதாரியென அழைக்கப்பட்ட சர்வசித்தி ஆசாரியனும் அங்குப் பெயர் பெற்றுள்ளனர். அதன் விமானம் கைலாசநாதர் கோயிலைக் கண்டு கற்றார் அமைத்ததென்பது நோக்குவார்க்கு எளிதிற் புலனாம். போரை நியாயம் என்பார் இதனையும் தம் பக்கல் எண்ணுவர்: போர் இன்றேல் காஞ்சிக்கலை கன்னடநாடு சென்றிராது, ஆதலின் செலவு வீண்போகவில்லை என்பது அவர் வாதம். கலை செல்லுதற்கு யானைப்படை வேண்டுமாயின் இவ்வாதம் செல்லும். காஞ்சிக்குச் சீனநாட்டு யுவான் சுவாங் கி. பி. 640-ஐ ஒட்டி வந்து, நூற்றுக்கு மேற்பட்ட சங்காராமங்களையும் எண்பதளவான தேவாலயங்களையும் கண்டெழுதினார். பின்னர்ப் புலிகேசியின் நாட்டையும் கண்டெழுதினார். அவர் கையிற் படைக்கலம் இல்லை. இரு தலைநகர்க்கும் இடையே வழி அன்றும் திறந்தே இருந்தது. தச்சரும் ஆசாரியரும் அவ்வழியே நடந்திருத்தல் கூடும்.

கீர்த்திவர்மன் இளவரசனாயிருந்த காலத்தும் ஒருமுறை காஞ்சிமேற் படையெடுத்து, பல்லவனைக் கோட்டையுள் அடைத்து, யானையும் பொன்னும் கொணர்ந்தான். இப்படியே பழகிய படையின் முடிவு யாதாயிற்று? சளுக்கியர்க்கு அடங்கியிருந்த இராட்டிரகூடக் குடியில் தோன்றிய தந்திதுர்க்கன் கி. பி. 753-ஐ ஒட்டிக் கீர்த்திவர்மனை வென்று நாட்டைக் கைப்பற்றினான். அவனது சாமன்கட் செப்பேடு இவ்வெற்றியைக் கூறும் முறை கருதத்தக்கது. காஞ்சியர்கோனையும் கேரளனையும் சோழனையும் பாண்டியனையும் ஹர்ஷனையும் வென்று பழகிய கர்நாடகப் படையைத் தந்திதுர்க்கன் தன் ஏவலாளர் சிலரைக்கொண்டே விரைவில் வென்றான் என்பது அது. நூற்றிருபது ஆண்டு வெற்றியின் பட்டியல் முழுவதும் தோல்விச் செய்திக்கு அடைமொழியாயிற்று. கி. பி. 757-இல் எழுதிய வக்கலேரிப் பட்டயத்தின் பின் அக்குலத்துச் சாசனம் இல்லை. பல்லவர் அதன்பின்னும் ஒன்றரை நூற்றாண்டளவு இருந்தனராயினும், வடக்கே இராட்டிரகூடரும் தெற்கே பாண்டியரும் நெருக்க, பழைய ஆற்றலின்றியே இருந்து, சோழ முதலாம் ஆதித்தனிடம் நாட்டை இழந்தனர். வாதாபியை மீட்டவனும் காஞ்சியை மீட்டவனும் மீட்டதைப் பிறனுக்கே வைத்துச் சென்றனர்.

ஆதலின் மணிமங்கலம் போன்ற போர்களைக் குறை கூறுதற்கு இடம் இல்லை என்பதும், அதற்கு மேற்பட்ட செலவு அனைத்தும், இரு பக்கத்தும், லாபம் காணாத செலவே என்பதும் கௌடிலியர் அளவையாற் பெறப்படும். அவர் அளவை அரசர்க்குரியது. அடியார்க்குரிய அளவை வேறு. அதனைச் சேக்கிழார் பெருமான் காட்டுகின்றார்.

சிறுத்தொண்டநாயனார் புராணத்திற் பரஞ்சோதியார் வாதாவி சென்று அந்நகரை அழித்த செய்தி ஒரே செய்யுளில் அடங்கிவிடுகின்றது. அரசன் பெயரைப் புராணம் கூறவில்லை. அவன் நரசிங்கவர்மன் என்பதைக் கல்வெட்டறிஞர் வெங்கையா முதலியோர் துணிந்தனர். சேக்கிழார் தாமும் சோழப்பேரரசில் அமைச்சுப்பூண்டவர். அவர்க்குச் சற்று முன்னரே கலிங்கப்போரைப் பாடிய பரணி எழுந்து நாடெங்கும் வழங்கிற்று. போரை விரித்துப் பாடும் ஆற்றலோ, கேட்டு மகிழும் அவையோ அவர்க்கு இல்லாமற் போகவில்லை. எனினும் தென்னாட்டின் மிகப்பெரிய வெற்றிகளுள் ஒன்றை அவர் ஒரு செய்யுளிற் கடந்துசென்றனர். அவர் நின்று பேசுமிடம் அதற்கடுத்தது. யானையும் குதிரையும் மணியும் நிதியும் குவிந்தமை கண்டு வியந்த மன்னனுக்கு, இவர் சிவனடியார் ஆதலின் எதிர்ப்பார் இலர் என அமைச்சர் கூறுகின்றனர். அதுகேட்ட மன்னன் மகிழவில்லை. அடியாரை அறியாது கொடிய போர்முனையில் விடுத்துக் கெட்டேன் என நடுங்குகின்றான். அவர்பாற் பிழைபொறுக்க வேண்டி, நிதி அளித்து, இனித் திருத்தொண்டே செய்க என விடைகொடுக்கின்றான்.

புகழ்ச்சோழநாயனார் புராணத்தும் இந்நோக்கே காணப்படும். அதிகனை வென்று கொணர்ந்த தலைக்குவியலுள் சடையோடு கூடிய தலை ஒன்றை அவ்வேந்தர் கண்டனர். வெற்றி முழுமையும் அவ்வொரு தலைக்கு ஈடாகவில்லை. அரசை மகனுக்கு அளித்து, அத்தலையைப் பொற்கலத்து ஏந்தி எரியுட் புகுந்தனர். குவியலில் எஞ்சிய தலைகளுக்கு உரியார் யாவர் என்பதைப் புராணம் ஆராயவில்லை. அடியார் அல்லாதார்க்கும் தாயும் மனைவியும் இருந்திருப்பர்.

பரஞ்சோதியார் தம் ஊராகிய திருச்செங்காட்டங்குடியை அடைந்து கணபதீச்சரத்தைத் தொழுது, திருவெண்காட்டு நங்கையாரோடு இல்லறம் நடத்தினார். திருஞானசம்பந்தர் ஆங்கு எழுந்தருளியபோது பாடிய பதிகத்துச் சிறுத்தொண்டர் பெயர் வைத்துப் பாடினமையின், அவர் அந்நாளில் வாழ்ந்தமைக்கு அஃது அகச்சான்று. வாதாவியினின்று வந்த மணியும் நிதியும் பின்னர் யாதாயின என்று சேக்கிழார் கூறினாரில்லை. நாள்தோறும் அடியாரை முன் அமுதுசெய்வித்துப் பின்னரே நாயனார் உண்டார் என்பதையே விரித்துரைக்கின்றார்.